விழுந்துபோன ஊழியர் மூலம் வந்த விசுவாசம் பொய்யா?

கேள்வி சுருக்கமாக இது: "ஒரு போதகரின் பிரசங்கத்தைக் கேட்டுத்தான் நான் விசுவாசத்துக்கு வந்தேன். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் அவர்தான். சபையில் உள்ள பெண்களிடம் அவர் பல வருடங்களாகத் தவறாக நடந்திருக்கிறார் என்பது இப்போது விசாரணையில் உறுதியாகிவிட்டது. 'தாவீதும் விழுந்தவர்தானே, தேவன் அவரைப் பயன்படுத்தவில்லையா?' என்று சிலர் சொல்கிறார்கள். நான் பெற்றது உண்மையா, பொய்யா? தேவன் ஏன் இப்படிப்பட்டவர்களைப் பயன்படுத்துகிறார்? என்னிடமும் குறைகள் இருக்கின்றன, நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கலாமா? அவருடைய பிரசங்கப் பதிவுகளை என்ன செய்வது?"

முதலில் உங்களை அரித்துக்கொண்டிருக்கிற பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பெற்றது உண்மைதான். ஞானஸ்நானமும் செல்லும், மறுபடி எடுக்க வேண்டியதில்லை. நீங்கள் நம்பியது அவர் அறிவித்த கிறிஸ்துவை. அவர் ஒளித்துவைத்திருந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியவும் தெரியாது, அதை நம்பி நீங்கள் வரவும் இல்லை.

ஆனால் "சொன்னவர் எப்படி இருந்தால் என்ன, சுவிசேஷம் சரிதானே" என்று அதோடு கையைக் கழுவிவிடவும் முடியாது. தாவீதைக் காட்டிப் பேசுகிறவர்கள் அதைத்தான் செய்யப் பார்க்கிறார்கள். குறையுள்ள மனிதர்கள் வழியாகத் தேவன் வேலை செய்கிறார் என்பது வேதத்தில் ஆதியாகமத்திலிருந்தே தொடர்ந்து வருகிற உண்மை. அந்த உண்மையைச் சொல்லி ஒரு குற்றவாளியை விசாரணையிலிருந்து காப்பாற்றலாம் என்பது வேதத்தில் எங்குமே இல்லை. தேவன் ஒருவர் வழியாக நிஜமாகவே கிரியை செய்திருக்கலாம். அதே ஆள் செய்தது நிஜமாகவே அக்கிரமமாக இருக்கலாம். ஒன்று மற்றொன்றை அழிக்காது.

இதை எனக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது எண்ணாகமம் 20-ஆம் அதிகாரம். காதேஸில் ஜனங்களுக்குத் தண்ணீர் இல்லை. மோசேயின் அக்காள் மிரியாம் அங்கேதான் மரித்து அடக்கம்பண்ணப்பட்டிருக்கிறாள். அந்த நேரத்தில் ஜனங்கள் கூடிவந்து, எங்களை ஏன் இந்த வனாந்தரத்துக்குக் கொண்டுவந்தீர்கள் என்று சண்டை போடுகிறார்கள். கன்மலையைப் பார்த்துப் பேசுங்கள், அது தண்ணீர் கொடுக்கும் என்கிறார் கர்த்தர். மோசே கன்மலையோடு பேசவில்லை. "கலகக்காரரே, கேளுங்கள்" என்று ஜனங்கள்மேல் எரிந்து விழுகிறார். இந்தக் கன்மலையிலிருந்து "நாங்கள்" உங்களுக்குத் தண்ணீர் புறப்படப்பண்ணுவோமோ என்று, தேவன் இருக்கவேண்டிய இடத்தில் தன்னையும் ஆரோனையும் வைத்துப் பேசுகிறார். பிறகு கோலை ஓங்கி இரண்டு தரம் கன்மலையை அடிக்கிறார்.

இந்தக் கதையை நாம் எழுதியிருந்தால், அடித்த அடிக்குத் தண்ணீர் வந்திருக்காது. மோசே ஜனங்களுக்கு முன்னால் வெட்கப்பட்டு நின்றிருப்பார், நியாயம் நடந்தது என்று நமக்கும் திருப்தியாக இருந்திருக்கும். வேதம் சொல்வது வேறு: "தண்ணீர் ஏராளமாய்ப் புறப்பட்டது." சபையார் குடித்தார்கள், அவர்களுடைய மிருகஜீவன்களும் குடித்தன. மோசேயின் கோபத்துக்காக, தாகத்தோடு நின்ற ஒரு குழந்தையைக்கூடத் தேவன் தண்டிக்கவில்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே மோசேக்கும் ஆரோனுக்கும் தீர்ப்பு வருகிறது: நான் கொடுக்கும் தேசத்துக்குள் இந்தச் சபையை நீங்கள் கொண்டுபோவதில்லை. பிற்பாடு மோசே கெஞ்சிப் பார்த்தார். "போதும், இனி இந்தக் காரியத்தைக்குறித்து என்னோடே பேசவேண்டாம்" என்று பதில் வந்ததாக உபாகமம் 3-இல் அவரே சொல்கிறார். கடைசியில் நேபோ மலையின்மேல் ஏறி, தேசத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு மரிக்கிறார்.

அன்று காதேஸில் குடித்த ஒருவர் பிறகு வந்து, "மோசே அப்படி நடந்துகொண்டாரே, நான் குடித்தது தண்ணீர்தானா?" என்று கேட்டால் என்ன சொல்வோம்? தண்ணீர்தான், தாகம் தீர்ந்ததே. இன்னொருவர் வந்து, "தண்ணீர் வந்ததே, அப்படியானால் மோசே செய்தது சரிதானே" என்றால்? தேவன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கேள்வி உங்களுடையது. இரண்டாவது கேள்வி, உங்கள் சபையில் தாவீதைக் காட்டுகிறவர்களுடையது.

ஆக, ஒருவர் மூலமாகப் பலன் வந்தது என்பது தேவன் அவருக்குக் கொடுத்த சான்றிதழ் அல்ல. இஸ்ரவேலைச் சபிக்க அழைக்கப்பட்ட பிலேயாம் கூலிக்கு ஆசைப்பட்ட ஆள், அவன் வாயிலிருந்து வந்த ஆசீர்வாதம் உண்மையாக இருந்தது, அவனோ பிற்பாடு மீதியானியரோடு வெட்டுண்டு செத்தான். இயேசுவைக் கொல்லத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த பிரதான ஆசாரியன் காய்பாவே, தனக்குத் தெரியாமல் தீர்க்கதரிசனம் சொன்னதாக யோவான் எழுதுகிறார். இதில் அதிகம் யோசிக்கவேண்டிய இடம் மத்தேயு 7. உமது நாமத்தினாலே தீர்க்கதரிசனம் உரைத்தோமே, பிசாசுகளைத் துரத்தினோமே, அற்புதங்களைச் செய்தோமே என்று சிலர் வந்து நிற்கிறார்கள். நீங்கள் அதெல்லாம் செய்யவில்லை என்று இயேசு மறுக்கவே இல்லை. "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். ஊழியத்தில் நடந்த பெரிய காரியங்களைப் பட்டியலிட்டு ஒருவரின் வாழ்க்கையை நியாயப்படுத்தப் பார்க்கிறவர்கள், இந்தப் பகுதியை நின்று வாசிக்க வேண்டும்.

உங்கள் நிலைமைக்கு இன்னும் நெருக்கமான ஒரு பகுதி இருக்கிறது, அதை யாரும் இந்தக் கோணத்தில் அதிகம் பேசுவதில்லை. 1 சாமுவேல் புத்தகத்தில் வருகிற ஆசாரியன் ஏலி. அவருடைய மகன்கள் ஓப்னியும் பினெகாசும் ஆசாரியர்கள். பலியிட வருகிற ஜனங்களிடமிருந்து இறைச்சியைப் பலவந்தமாகப் பிடுங்கினார்கள். ஆசரிப்புக் கூடாரத்தின் வாசலில் கூடின பெண்களோடு தவறாக நடந்தார்கள். இது ஏலியின் காதுக்கு வந்தது. கூப்பிட்டுக் கண்டித்தார், ஆனால் பதவியிலிருந்து இறக்கவில்லை. அவர்களை அடக்காமல் போனதுதான் தேவன் ஏலியின்மேல் வைத்த குற்றச்சாட்டு. பெண்களுக்கு நடந்ததைத் தலைமை கேள்விப்பட்டது, கண்டித்தது, அப்படியே விட்டுவிட்டது: இது மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய கதை போலவா இருக்கிறது?

அதே வீட்டில்தான் சிறுவன் சாமுவேல் வளர்கிறான். இரவில் ஒரு குரல் கூப்பிடுகிறது. மூன்று தரம் ஏலியிடம் ஓடுகிறான். கண் மங்கிப்போன அந்தக் கிழவர்தான், கூப்பிடுவது கர்த்தர் என்று புரிந்துகொள்கிறார். இனி கூப்பிட்டால், "சொல்லும் கர்த்தாவே, அடியேன் கேட்கிறேன்" என்று சொல், என்று சொல்லிக் கொடுக்கிறார். தேவனுடைய சத்தத்துக்கு எப்படிப் பதில் கொடுப்பது என்று சாமுவேல் கற்றுக்கொண்டது, தேவனால் நியாயந்தீர்க்கப்பட்ட ஒருவரிடம். அப்படிக் கற்றுக்கொண்டு அவன் கேட்ட முதல் செய்தியே, ஏலியின் வீட்டின்மேல் வந்த தீர்ப்பு.

அந்தச் சிறுவன் விடியும்வரை படுத்திருந்தான், தரிசனத்தை ஏலிக்கு அறிவிக்கப் பயந்தான் என்று வேதம் சொல்கிறது. சொல்லிக்கொடுத்தவரைப் பற்றியே கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டு, விழித்துக்கொண்டு கிடந்த பையன். நீங்கள் இருக்கிற இடம் அதுதான் என்று நினைக்கிறேன். காலையில் சாமுவேல் ஒன்றையும் மறைக்காமல் ஏலியிடம் சொன்னான். ஏலி கற்றுக்கொடுத்த அந்த ஒரு வாக்கியத்தை அதற்காகத் தூக்கி எறியவும் இல்லை. பின்னாளில் இஸ்ரவேல் முழுவதும் அவனைத் தீர்க்கதரிசி என்று அறிந்தது.

சரி, தாவீதுக்கு வருவோம். "தாவீதும் விழுந்தார்" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் 2 சாமுவேல் 11-லிருந்து நேராக 51-ஆம் சங்கீதத்துக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் இருப்பதை வாசிக்க வேண்டும். உரியா என்கிற ஏத்தியன் தாவீதின் படையில் சேவை செய்த பராக்கிரமசாலி. அவருடைய மனைவி பத்சேபாளைத் தாவீது எடுத்துக்கொண்டார். அதை மறைக்க, ரப்பாவின் முற்றுகையிலிருந்து அவரை வரவழைத்து, வீட்டுக்குப் போ என்கிறார் தாவீது. உடன்படிக்கைப் பெட்டியும் சேனையும் கூடாரங்களில் தங்கியிருக்கும்போது நான் வீட்டுக்குப் போவேனா என்று உரியா அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொள்கிறார். கடைசியில், தன்னைச் சாகடிக்கச் சொல்லும் கடிதத்தைத் தன் கையாலேயே படைத்தலைவன் யோவாபிடம் கொண்டுபோகிறார். இது ஒரு பலவீனமான நேரத்தில் கால் தவறிய கதை அல்ல. அதிகாரத்தில் இருந்த ஒருவர் ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, அதை மறைக்கத் திட்டம் போட்டு ஒரு மனிதனைக் கொன்ற கதை.

வேதம் உரியாவை மறக்கவே இல்லை. 2 சாமுவேல் 23-இல் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பட்டியல் இருக்கிறது. முப்பத்தேழு பேரில் கடைசிப் பெயர் உரியா. பல நூற்றாண்டுகள் கழித்து மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போது, பத்சேபாளின் பெயரை எழுதாமல் "உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில்" என்று எழுதுகிறார். மேசியா வந்த வழியைச் சொல்லும் முதல் பக்கத்திலேயே கொலைசெய்யப்பட்டவரின் பெயர் நிற்கிறது. தேவன் தாவீதைப் பயன்படுத்தினார் என்று சொல்ல ஆசைப்படுகிறவர்கள், தேவன் உரியாவின் பெயரை அழியவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். உங்கள் சபையில் பாதிக்கப்பட்ட பெண்கள்தான் இந்தக் கதையில் உரியாவின் பக்கத்தில் நிற்கிறவர்கள்.

தாவீது மனந்திரும்பியபோது என்ன செய்தார் என்பதையும் பாருங்கள். "நீயே அந்த மனுஷன்" என்று தீர்க்கதரிசி நாத்தான் சொன்னதும், சூழ்நிலை அப்படி, எதிரிகளின் சதி என்றெல்லாம் சொல்லவில்லை. பாவம் செய்தேன் என்று ஒத்துக்கொண்டார். 51-ஆம் சங்கீதத்தின் தலைப்பில், இது நாத்தான் வந்தபோது பாடப்பட்டது என்றும், இராகத்தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்றும் இருக்கிறது. அதாவது, ராஜா தன் பாவ அறிக்கையை ஆராதனையில் எல்லோரும் பாடும்படி கொடுத்துவிட்டார். மன்னிப்புக் கிடைத்தது, ஆனால் விளைவுகள் நீங்கவில்லை. பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்று சொல்லப்பட்டது அப்படியே நடந்தது. மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்தபோது, தாவீதுக்கு வெகு கோபம் வந்ததாக எழுதியிருக்கிறது. அவர் எந்த நடவடிக்கையும் எடுத்ததாக எழுதியிருக்கவில்லை. தன் கையே கறைபட்டவருக்கு மகனைக் கண்டிக்க வாய் வரவில்லை என்றுதான் நான் இதை வாசிக்கிறேன். தாவீதை உதாரணம் காட்டுவதானால் இவ்வளவையும் சேர்த்துத்தான் காட்ட வேண்டும்.

இன்னொரு வசனமும் இந்த நேரத்தில் கட்டாயம் வரும்: "கர்த்தரால் அபிஷேகம்பண்ணப்பட்டவர்மேல் கை போடக் கூடாது." அது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைப் பற்றித் தாவீது சொன்னது. எங்கேதியில் ஒரு கெபிக்குள் சவுல் தனியாக அகப்பட்டபோது, தாவீது அவரைக் கொல்லவில்லை. சால்வையின் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டார். அதன்பின் செய்ததை ஏனோ யாரும் சொல்வதில்லை. கெபியை விட்டு வெளியே வந்து, சத்தமிட்டுச் சவுலைக் கூப்பிட்டு, அறுத்த துணியைக் கையில் பிடித்துக் காட்டி, நான் உமக்குத் துரோகம் செய்யவில்லை, நீரோ என் உயிரை வேட்டையாடுகிறீர், கர்த்தர் நடுநின்று நியாயம் விசாரிப்பாராக என்கிறார். ஆதாரத்தோடு, வெளிப்படையாக. சவுல் அழுது, நீ என்னைவிட நீதிமான் என்று சொன்ன பிறகும், தாவீது அவரோடு திரும்பிப் போகவில்லை. அரணிப்பான இடத்துக்குப் போய்விட்டார். அந்த வசனம் கொலையைத் தடுக்கிறது. கேள்வி கேட்பதையோ, சாட்சி சொல்வதையோ, தள்ளி இருப்பதையோ தடுக்கவில்லை.

உங்களுக்கு வந்த சந்தேகம் புதிது அல்ல, ஒரு காலத்தில் திருச்சபையையே இரண்டாகப் பிளந்த சந்தேகம் அது. கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் வேதப்பிரதிகளை ஒப்படைக்கும்படி கட்டளையிட்டபோது, சில ஆயர்கள் பயந்து ஒப்படைத்தார்கள். உபத்திரவம் ஓய்ந்த பிறகு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் செசிலியன் ஆயராக்கப்பட்டார். அவரை அபிஷேகம் செய்தவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் வேதத்தை ஒப்படைத்த துரோகி, ஆகவே இந்த அபிஷேகமே செல்லாது என்று ஒரு கூட்டம் எழும்பியது. அவர்கள் டொனாட்டிஸ்டுகள் என்று அழைக்கப்பட்டார்கள். (ஃபெலிக்ஸ் குற்றமற்றவர் என்று பிற்பாடு விசாரணையில் தெரிந்தது. பிளவு அதற்காக நிற்கவில்லை.)

314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம் இதற்குக் கொடுத்த தீர்ப்பை நான் மிகவும் மதிக்கிறேன். வேதத்தை ஒப்படைத்ததாக அரசு ஆவணங்கள் மூலம் நிரூபிக்கப்பட்டவர் குருத்துவத்திலிருந்து நீக்கப்பட வேண்டும். வெறும் பேச்சு போதாது. ஆனால் அப்படிப்பட்டவர் யாரையாவது அபிஷேகம் செய்திருந்தால், அந்த அபிஷேகம் செல்லும். கொடுத்தவர் செய்த குற்றத்துக்குப் பெற்றவர்கள் தண்டிக்கப்படக்கூடாது, அதற்காகக் கொடுத்தவரைப் பதவியில் வைத்திருக்கவும் கூடாது. காதேஸில் தேவன் செய்ததைச் சபை சட்டமாக எழுதிக்கொண்டது போல இருக்கிறது.

நூறு வருடம் போல ஆனபின்னும் வாக்குவாதம் ஓயவில்லை. ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தீன் இதில் அதிகம் எழுதினார். பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே, யூதாஸ் கொடுத்தாலும் கொடுக்கிறவர் கிறிஸ்துவே என்பது அவருடைய வாதம். கல் வாய்க்கால் வழியாகத் தண்ணீர் தோட்டத்துக்குப் போகிறது. கல்லில் ஒன்றும் முளைக்காது, தோட்டமோ விளைகிறது என்று விளக்கினார். இந்த ஒப்புமையில் இருக்கிற எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும்: தண்ணீர் ஓடியும் தனக்குள் ஒன்றும் முளைக்காத கல்லாக ஓர் ஊழியர் இருந்துவிட முடியும். இவ்வளவு தெளிவாக எழுதிய அதே அகுஸ்தீன், டொனாட்டிஸ்டுகளைச் சபைக்குள் கொண்டுவர அரசின் பலவந்தத்தைப் பயன்படுத்தலாம் என்று பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். பின் வந்த நூற்றாண்டுகளில் அந்த வாதம் பலரை நசுக்கப் பயன்பட்டது. அவரையும் நாம் இப்படித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது: கொடுத்த நல்லதைப் பெற்றுக்கொண்டு, தவறைத் தவறு என்று சொல்லி.

சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1571-இல் இறுதி வடிவம் பெற்ற ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளில் 26-ஆவது இதே விஷயம்தான். ஊழியர் தகுதியற்றவராக இருப்பது ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருநியமங்களின் பலனைத் தடுக்காது என்பது முதல் பாதி. பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாம் பாதியோ, தீய ஊழியர்களைச் சபை விசாரிக்க வேண்டும், அவர்கள் குற்றத்தை அறிந்தவர்கள் குற்றம் சாட்ட வேண்டும், குற்றம் நிரூபணமானால் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்கிறது. பெற்றவருக்கு ஆறுதல் முதல் பாதியில், பாதிக்கப்பட்டவருக்கு நியாயம் இரண்டாம் பாதியில். பாதியை மட்டும் பேசுகிற சபை இரண்டு பேரில் ஒருவரைக் கைவிடுகிறது.

நம் காலத்தில் இது எவ்வளவு மோசமாகப் போகலாம் என்பதற்கு ரவி சகரியாஸ் விஷயம் உதாரணம். விசுவாசத்துக்கு ஆதரவாக உலகமெங்கும் பேசியவர், 2020 மே மாதம் இறந்தார். அவருடைய அமைப்பே நியமித்த வழக்கறிஞர் குழுவின் அறிக்கை 2021 பிப்ரவரியில் வெளிவந்தது. அவர் பல பெண்களிடம் பாலியல் முறைகேடு செய்திருந்தார் என்று அது கண்டது. அவர் உயிரோடிருந்தபோதே ஒரு பெண் குற்றம் சாட்டியிருந்தார், அமைப்பு அவரை நம்பவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டது. அவருடைய பேச்சைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்த பலர் உங்களைப் போலவே தவித்தார்கள். அவர்கள் கேட்ட கிறிஸ்து பொய்யாகிவிடவில்லை. "இவ்வளவு பயன்படுத்தப்படுகிற மனிதர் அப்படிச் செய்திருக்கமாட்டார்" என்ற எண்ணம்தான் பொய். அந்த ஒரு எண்ணம் எத்தனை பேரின் வாயை அடைத்திருக்கிறது!

தேவன் ஏன் இப்படிச் செய்கிறார்? எனக்குத் தெரிந்தவரை வேதம் இதற்குக் கொடுக்கிற நேரடியான பதில் 2 கொரிந்தியர் 4:7-இல் இருக்கிறது. வல்லமை தேவனுடையது என்று விளங்கும்படி, "இந்தப் பொக்கிஷத்தை மண்பாண்டங்களில் பெற்றிருக்கிறோம்" என்கிறார் பவுல். குறையில்லாதவர்களைத்தான் பயன்படுத்துவேன் என்று தேவன் காத்திருந்தால், இயேசு ஒருவரைத் தவிர வேறு யாரும் கிடைத்திருக்கமாட்டார்கள். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவர் கேட்கிறவர்கள்மேல் இரக்கமுள்ளவர். பொறாமையாலும் விரோதத்தாலும் கிறிஸ்துவைப் பிரசங்கிக்கிறவர்கள் உண்டு என்று காவலில் இருந்த பவுல் எழுதுகிறார். எப்படியானாலும் கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார், அதனால் சந்தோஷப்படுகிறேன் என்கிறார். அந்தப் பிரசங்கிகளைப் பற்றி அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. கேட்கிறவர்களுக்குக் கிடைக்கிறது என்பதில்தான் அவருடைய சந்தோஷம்.

தேவன் இப்படி வேலை செய்வதில் ஒரு பொறுமையும் இருக்கிறது, சில சமயம் அது நம்மைத் திகைக்க வைக்கும். ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1748-இல் கடலில் புயலில் சிக்கி தேவனைக் கூப்பிட்டார். அதற்குப் பிறகும் அடிமை வியாபாரக் கப்பல்களில் வேலை செய்தார், 1750 முதல் 1754 வரை கப்பல் தலைவராகவே இருந்தார். கப்பலில் ஜெபம் நடத்துவார், கீழ்த்தளத்தில் மனிதர்கள் விலங்கிடப்பட்டுக் கிடப்பார்கள். கடலை விட்டது உடல்நலம் கெட்டதால். கிருபையைப் பற்றி உலகமே பாடும் 'அமேசிங் கிரேஸ்' பாட்டை எழுதியது 1772-இன் முடிவில். அப்போதும் அடிமை வியாபாரத்துக்கு எதிராக வெளியே பேசவில்லை. 1788-இல்தான், தன் பங்கை ஒப்புக்கொண்டு, அந்த வியாபாரத்தின் கொடுமையை விவரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். இந்த அறிக்கை தாமதமாக வருகிறது என்று அதிலேயே எழுதினார். பாராளுமன்றக் குழு முன்பும் சாட்சி சொன்னார். 1807-இல் பிரிட்டன் அந்த வியாபாரத்தைத் தடைசெய்த வருடத்தின் டிசம்பரில் இறந்தார். நாற்பது வருடத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிட்டு இதை ஓர் இனிமையான சாட்சியாகச் சொல்ல என்னால் முடியாது. ஆனாலும் அந்த மனிதர் கடைசியில் எந்தத் திசையில் திரும்பினார் என்பது முக்கியம்: தன் பாவத்தைப் பெயர் சொல்லி, அதனால் பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பொதுவில் சாட்சி சொல்லும் திசையில்.

இனி உங்களைப் பற்றி. ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். இங்கே நாம் இரண்டு விஷயங்களை ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். பலவீனம் வேறு, மறைத்துவைத்துத் தொடர்கிற பாவம் வேறு. மோசேக்குத் திக்குவாய், எரேமியாவுக்கு வயது போதவில்லை என்ற தயக்கம், தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. பவுலுக்கு மாம்சத்தில் ஒரு முள். மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது எடுக்கப்படவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. அந்த வசனம் இப்படிப்பட்ட பலவீனத்தைப் பற்றியது. அடுத்தவரைச் சுரண்டுவதைப் பலவீனம் என்று பெயர்மாற்றி, அந்த வசனத்தின் நிழலில் ஒதுங்க முடியாது. கிருபை பெருகும்படிக்குப் பாவத்தில் நிலைநிற்கலாமா என்ற கேள்விக்கு, "கூடாதே" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார் பவுல்.

உங்கள் குறைகள் என்னவென்று நீங்கள் எழுதவில்லை. கோபம், சந்தேகம், ஜெபத்தில் சோர்வு, பழைய தோல்விகளின் நினைவு, இப்படிப்பட்டவை என்றால் போய்ப் பாடம் எடுங்கள். பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனின் முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு இயேசுவை மூன்று தரம் மறுதலித்தார். உயிர்த்தெழுந்த இயேசு கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வாருங்கள் என்றார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார், அதையும் மூன்று தரம். பேதுரு துக்கப்பட்டார். நடந்ததைப் பேசாமல் இயேசு அவரை வேலைக்கு அனுப்பவில்லை. பேசிய பிறகு ஆடுகளை மேய்க்காதே என்று சொல்லவும் இல்லை. அதற்குப் பிறகும் அந்தியோகியாவில், யூதரல்லாதவர்களோடு சாப்பிடுவதை விட்டு, ஆட்களுக்குப் பயந்து பேதுரு விலகிக்கொண்டார். பவுல் எல்லோருக்கும் முன்பாக அவரைக் கண்டித்தார். பெந்தெகொஸ்தே நாளில் மூவாயிரம் பேர் சேரக் காரணமாக இருந்த அதே மனிதரைத்தான்.

குறைகளோடு ஊழியம் செய்கிறவருக்கு வேண்டியது அப்படிக் கண்டிக்கக்கூடிய ஓர் ஆள். உங்களைக் கேள்வி கேட்க உரிமையுள்ள, நீங்கள் கேட்டால் உண்மையைச் சொல்லக்கூடிய ஒருவர் அல்லது இருவர் இருக்கட்டும். பிள்ளைகளோடு தனியாக இருக்கவேண்டாம், இன்னொரு ஆசிரியரும் வகுப்பில் இருக்கட்டும். உங்கள்மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. நல்லவர்களும் இந்த ஒழுங்குக்கு உட்பட்டால்தான், மற்றவர்கள் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. பிள்ளைகளிடம் தாவீதின் கதையைச் சொல்லும்போது கோலியாத்தோடு நிறுத்தாமல், வயதுக்குத் தகுந்தபடி, ராஜா பெரிய தவறு செய்தார், நாத்தான் பயப்படாமல் சொன்னார் என்பதையும் சொல்லுங்கள். பெரியவர்கள் தவறு செய்தால் அதைச் சொல்லலாம் என்று ஒரு பிள்ளை வேதத்திலிருந்தே கற்றுக்கொள்ளும்.

பதிவுகளைப் பொறுத்தவரை, உங்களுக்கு விசுவாசம் வந்தது அந்தக் குரலிலிருந்து அல்ல, அதில் அறிவிக்கப்பட்ட வசனத்திலிருந்து. அந்த வசனம் உங்கள் வேதாகமத்தில் அப்படியே இருக்கிறது. கேட்டால் மனம் கலங்குகிறது என்றால் அழித்துவிடுங்கள், நன்றியில்லாத செயல் என்று யாரும் சொல்ல முடியாது. அழிக்க மனம் வராவிட்டால் வைத்திருங்கள், அதிலும் பாவமில்லை. ஆனால் சபைக் குழுவிலோ, கூட்டத்திலோ, பழைய நினைவாக என்று சொல்லி அதைப் பகிராதீர்கள், ஒலிபரப்பச் சொல்லி யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெண்கள் அதே பெஞ்சுகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது உங்களுக்குத் தெரியும் என்றால், இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டதற்கு முன்னால் அவரிடம் போய், நீங்கள் சொன்னதை நான் நம்புகிறேன் என்று சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள்.